உடற்சூடும் தண்ணீரும்

வடஇந்தியாவில் கோடை நாட்களில் வீசும் அனற்காற்றை அங்குள்ள மக்கள் 'லூ' என்று அழைக்கின்றனர். மேற்கே பாலைவனத்திலிருந்து கிளம்பி, கங்கைச் சமவெளியெங்கும் பரவும் அக்காற்றுக்கு ஆண்டுதோறும் பலர் இரையாகின்றனர். 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் தேதியன்று ராஜஸ்தானத்தில் பலோடி என்னும் ஊரில் 51 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் பதிவாயிற்று. நம் உடலின் உள்வெப்பமோ ஏறத்தாழ 37 டிகிரிதான். உள்ளே இருப்பதைக் காட்டிலும் வெளியே 14 டிகிரி மிகுதி. அப்படியிருந்தும் அன்று அவ்வூரில் மக்கள் உயிர் வாழ்ந்தனர்; கடை திறந்தனர்; கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டினர். இது எவ்வாறு இயன்றது? இக்கேள்விக்கு விடை காணப் புகுந்தால், நீரைக் கொண்டு நோய் தீர்க்கும் முறை ஒன்றின் உண்மையும் எல்லையும் நமக்குப் புலனாகும். ஓர் உயிரைக் காக்கும் வழியும் நம் கைக்கு வரும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நாம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருக்கும்போதுகூட நம் உடலில் உணவு எரிந்துகொண்டே இருக்கிறது. அவ்வாறு எரிவதனால் மணிக்குச் சுமார் 60 அல்லது 70 கலோரி வெப்பம் உண்டாகிறது. இங்கே கலோரி என்பது உணவுப் பொருள்களை அளக்கும்போது கூறப்படும் பெரிய கலோரியாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய உடற்சூட்டை ஒரு டிகிரி உயர்த்துவதற்கு 50 கலோரி போதும். ஆகவே உண்டாகும் வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுமானால், ஒரு மணி நேரத்தில் உடற்சூடு ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். நான்கைந்து மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். செங்கல் சுமப்பவருக்கும் வண்டி இழுப்பவருக்கும் இவ்வெப்பம் ஐந்து மடங்காகவும் அதற்கு மேலும் பெருகும். அவருக்கு மணிக்கணக்கு வேண்டியதில்லை, நிமிஷக் கணக்கே போதும். வாழ்வதென்பது இடைவிடாமல் வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டிருப்பதே என்று கூறினும் மிகையாகாது.

இவ்வேலையை மேற்பார்வையிடும் அதிகாரி நம் மூளையின் அடிப்பகுதியில் இருக்கிறார். ஹைப்போதலாமஸ் என்று உடலியல் அறிஞர் அதனைக் குறிப்பிடுவர். தன் வழியாக ஓடும் இரத்தத்தின் சூட்டை அது தானே அறிந்துகொள்கிறது. தோலிலிருந்து நரம்புகள் கொண்டுவரும் செய்திகளையும் கேட்டுக்கொள்கிறது. 37 டிகிரி என்னும் அளவுக்கு மேலே சூடு சிறிது ஏறினாலும், இரண்டு கட்டளைகளைப் பிறப்பிக்கிறது.

தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் விரியவேண்டும் என்பது முதற் கட்டளை. சாதாரணமாக நிமிஷத்திற்குக் கால் லிட்டர் அளவில் தோலில் ஓடும் இரத்தம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரையில் பெருகி ஓடும். உள்ளுறுப்புகளில் சூடேறிய இரத்தம் உடலின் மேற்பரப்புக்கு வந்து தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. வெயிலில் நடந்து வந்தவரின் முகம் சிவந்திருப்பதற்குக் காரணம் இதுவே. ஆனால் இவ்வளவு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும் சுமை முழுவதும் இருதயத்தின்மேல் விழுகிறது. முதியோரும் இருதய நோயுள்ளோரும் கோடையில் முதலில் தளர்வதன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

இரண்டாவது கட்டளை வியர்வைச் சுரப்பிகளுக்கு. நம் தோலில் இருபது லட்சம் முதல் நாற்பது லட்சம் வரையில் இச்சுரப்பிகள் உள்ளன. வெளியே 51 டிகிரி வெப்பம் இருக்கும்போது, இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவருவதால் மட்டும் பயனில்லை. காற்று நமக்குச் சூட்டைக் கொடுக்குமேயன்றி நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளாது. அந்நிலையில் நமக்குள்ள ஒரே புகலிடம் வியர்வைதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகப் போகுமானால் ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் அறை குளிர்வதும் இதே தத்துவத்தால்தான். நாமும் ஒரு வகையில் நடமாடும் மண்பானைகளே.

இவ்வுண்மையை வியப்பூட்டும் முறையில் மெய்ப்பித்துக் காட்டியவர் சார்லஸ் பிளாக்டன் என்னும் ஆங்கில மருத்துவர். அவரும் அவர் நண்பர்களும், ஜார்ஜ் பார்டைஸ் என்னும் மருத்துவர் அமைத்த சூடேற்றிய அறைக்குள் தாங்களே புகுந்து பரிசோதனை செய்தனர். அவ்வரலாறு 1775ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. 260 டிகிரி பாரன்ஹீட், அதாவது சுமார் 127 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள அறையில் பிளாக்டன் எட்டு நிமிஷம் நின்றார். அவ்வறையில் வைத்த முட்டை வெந்து கெட்டியாயிற்று; இறைச்சி பக்குவமாயிற்று; அவரோ நலமே வெளியே வந்தார். பின்னர் அதே அறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துப் பார்த்தனர். அது கொதிக்கவில்லை. மேற்பரப்பில் எண்ணெய் படரவிட்டதும் அதே தண்ணீர் கொதித்தது. எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுத்துவிட்டது. தடுக்கப்பட்டவுடன் நீர் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியை இழந்தது. உயிருள்ள உடலுக்கும் இதுவே விதி.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வியர்வை சுரப்பதனால் உடல் குளிர்வதில்லை. அது உலர்வதனாலேயே குளிர்கிறது. சொட்டிக் கீழே விழும் வியர்வை வீணே. தில்லியிலும் ஜோத்பூரிலும் காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை தோன்றிய மாத்திரத்தில் மறைகிறது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், வெப்பமானி குறைந்த அளவைக் காட்டினும் உடல் படும் துன்பம் மிகுதி. எனவே அறிஞர்கள் வெப்பமானியின் குமிழ்மீது ஈரத்துணியைச் சுற்றி அளக்கிறார்கள். இதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரியை எட்டுமானால், நிழலில் வெறுமனே அமர்ந்திருக்கும் ஆரோக்கியமான மனிதனும் நெடுநேரம் பிழைத்திருக்க இயலாது என்று முன்பு கணக்கிட்டனர். 2022இல் அமெரிக்காவில் இளைஞர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியிலோ, ஈரம் மிகுந்த காற்றில் சுமார் 31 டிகிரியிலேயே உடல் தன் சமநிலையை இழக்கத் தொடங்குகிறது என்று தெரியவந்தது. நாம் எண்ணியிருந்ததைக் காட்டிலும் எல்லைக்கோடு அருகில் இருக்கிறது.

இனி, நீர்ச் சிகிச்சையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நீராடலை நலந்தரும் செயலாக எல்லா நாட்டினரும் போற்றியுள்ளனர். ஆயினும் காய்ச்சலுக்குத் தண்ணீரை மருந்தாகக் கொண்டு, வெப்பமானியால் அளந்து, கண்டதை ஒழுங்காக எழுதிவைத்தவர்களுள் முன்னோடி லிவர்ப்பூல் நகர மருத்துவர் ஜேம்ஸ் கரீ. அவருடைய நூல் 1797இல் வெளிவந்தது. அடுத்த நூற்றாண்டில் சைலீசியாவைச் சேர்ந்த பிரீஸ்னிட்ஸ் என்னும் உழவர் கிரேபன்பர்க் என்ற மலையூரில் ஈரத்துணிக் கட்டுகளாலும் குளிர்ந்த அருவி நீராலும் சிகிச்சை செய்து பெரும்புகழ் பெற்றார். பவேரியாவில் செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியாரும், லைப்சிக் நகரில் லூயி கூனே என்பவரும் அவ்வழியைத் தத்தமக்கு ஏற்ப விரித்தனர். கூனேயின் நூல் இந்திய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டு, நம் நாட்டில் பல இல்லங்களில் தொட்டிக் குளியல் பழக்கத்தைத் தோற்றுவித்தது.

காந்தியடிகள் இம்முறையில் எவ்வளவு பற்றுக்கொண்டிருந்தார் என்பதை யாவரும் அறிவர். 1902ஆம் ஆண்டு பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்கு டைபாயிடு காய்ச்சலும் நிமோனியாவும் கண்டன. சிறுவனுக்கு அப்போது வயது பத்து. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்குமாறு மருத்துவர் கூறினார். காந்தியடிகள் அதற்கு உடன்படாமல், கூனே முறைப்படி இடுப்புக் குளியல் தந்தார். நீர் கலந்த ஆரஞ்சுச் சாற்றைக் கொடுத்து வந்தார். காய்ச்சல் 104 டிகிரி பாரன்ஹீட்டில் நின்றது. ஓர் இரவு ஈரத் துப்பட்டியால் உடலைச் சுற்றிக் கம்பளிகளால் போர்த்தி, தலையில் ஈரத் துவாலையை இட்டார். சிறுவனுக்கு வியர்த்தது; காய்ச்சல் தணிந்தது; பல நாட்களுக்குப் பின் எழுந்து நடந்தான். இவ்வரலாற்றைத் தம் சுயசரிதையில் எழுதும் அடிகள், பிழைத்தது இறையருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, பத்தியத்தாலும் பணிவிடையாலுமா என்று எவர் உறுதி கூறக்கூடும் என்ற பொருளில் ஒரு சொல்லும் சேர்த்துள்ளார். 1946இல் புனாவுக்கு அருகில் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ ஆசிரமத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. அத்தகைய பற்றுடையவர் வாயிலிருந்து வந்த இந்த ஐயம் நமக்கு நல்லதொரு பாடம்.

அச்சிறுவனுக்கு நேர்ந்ததை இன்றைய உடலியல் எவ்வாறு விளக்கும்? காய்ச்சல் என்பது வெப்பத்தை ஆளும் கருவி பழுதுபட்ட நிலையன்று. கிருமிகளை எதிர்க்கும் முயற்சியில் மூளையிலுள்ள அதிகாரி அளவுகோலை 37 டிகிரியிலிருந்து 39க்கோ 40க்கோ உயர்த்தி வைத்துவிடுகிறார். எனவேதான் காய்ச்சல் ஏறும்போது, உடல் சுட்டாலும் நமக்குக் குளிர்கிறது, நடுக்கமெடுக்கிறது, போர்வையைத் தேடுகிறோம். அளவுகோல் மீண்டும் இறங்கும்போது உடல் வியர்த்துக் குளிர்கிறது. ஆகவே வியர்வை, காய்ச்சல் தணியும் அறிகுறி. அதுவே காய்ச்சலைத் தணித்த காரணம் என்று கூறிவிட இயலாது. அளவுகோல் உயர்ந்திருக்கும் வேளையில் மிகக் குளிர்ந்த நீரை ஊற்றினால் உடல் நடுங்கி மேலும் வெப்பத்தை உண்டாக்கும், நோயாளி துன்புறுவார். இதனால்தான் சாதாரணக் காய்ச்சலுக்குப் பனிநீர் வேண்டாம் என்று மருத்துவர் கூறுகின்றனர். வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைப்பது நோயாளிக்கு இதமளிக்கலாம். காய்ச்சலின் காரணத்தை அது நீக்காது. டைபாயிடுக்கு இன்று உரிய மருந்துகள் உள்ளன. அவற்றை விட்டுத் தண்ணீரை மட்டும் நம்புவது பேதைமையாகும். எல்லா நோய்க்கும் மூலம் ஒன்றே, மருந்தும் ஒன்றே என்ற கூனேயின் கொள்கையை விஞ்ஞானம் ஒப்புக்கொள்ளவில்லை.

எனினும், தண்ணீரே தலையாய மருந்தாக நிற்கும் நிலை ஒன்று உண்டு. அதுவே வெப்பத் தாக்கு. இங்கு அதிகாரி அளவுகோலை உயர்த்தவில்லை. அவர் குளிர்விக்கவே முயன்று தோற்றுப்போயிருக்கிறார். உடற்சூடு 40 டிகிரிக்கு மேலே ஏறிவிடும். மூளை கலங்கும், பேச்சுத் தடுமாறும், நடை தள்ளாடும், பிதற்றலும் வலிப்பும் மயக்கமும் நேரும். குடற்சுவர் பழுதுபடும், கல்லீரலும் சிறுநீரகமும் சிதையும், இரத்தம் உறையும் முறை தாறுமாறாகும். எவ்வளவு சூடு ஏறிற்று என்பதோடு, எவ்வளவு நேரம் அச்சூட்டில் உடல் கிடந்தது என்பதும் பிழைப்பையும் இறப்பையும் தீர்மானிக்கிறது. முதல் அரைமணி நேரமே பொன்னான நேரம்.

வெப்பத் தாக்குக்கு உள்ளானவரின் தோல் உலர்ந்தே இருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த முதியோரிடத்தில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வெயிலில் உழைத்து விழுந்தவர் வியர்வையில் நனைந்தும் இருக்கலாம். வியர்வையைக் கண்டு ஏமாறலாகாது. உடல் கொதிப்பதும் அறிவு கலங்குவதும் சேர்ந்து காணப்பட்டால் வெப்பத் தாக்கென்றே கொள்ளவேண்டும்.

இந்நிலையில் நம் மக்களிடையே வேரூன்றிய ஓர் அச்சம் குறுக்கே வந்து நிற்கிறது. உடம்பு கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும் என்று அஞ்சுகிறோம். விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் சிறிது நீர் தெளிக்கிறார். ஒருவர் வண்டி தேட ஓடுகிறார். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிறது. அம்மணி நேரம் முழுவதும் அவ்வுடல் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது. அருகிலேயே குழாய் இருக்கிறது, குடம் இருக்கிறது, கைகளும் இருக்கின்றன. அச்சம் ஒன்றே தடை.

இவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த நீர் பட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்ளிருக்கும் சூடு அடைபட்டுவிடும் என்று ஒருகாலத்தில் மருத்துவர்களும் தயங்கியதுண்டு. ஆனால் நீர் இழுக்கும் வேகத்திற்கு முன் அச்சுருக்கம் ஒரு பொருட்டன்று. அமெரிக்காவில் பால்மவுத் என்னுமிடத்தில் ஆண்டுதோறும் ஓட்டப் பந்தயம் ஒன்று நடைபெறுகிறது. பதினெட்டு ஆண்டுகளில் அங்கே வெப்பத் தாக்குக்கு உள்ளான 274 பேரைப் பனிநீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குளிர்வித்தனர். அவர்கள் அனைவரும் பிழைத்தனர் என்று 2015இல் வெளியான அறிக்கை கூறுகிறது. 2024ஆம் ஆண்டு கோடையில் தில்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியிலும் இத்தகைய தொட்டிகளுடன் வெப்பத் தாக்குக்கென்றே தனிப் பிரிவு திறக்கப்பட்டது.

தொட்டிக்கும் பனிக்கட்டிக்கும் நாம் எங்கே போவது என்று கேட்கலாம். அதற்கும் வழியுண்டு. மெக்காவுக்குச் செல்லும் யாத்திரிகர்களின் பொருட்டு 1980ஆம் ஆண்டளவில் வேறொரு முறை வகுக்கப்பட்டது. நோயாளியின் உடல் முழுவதும் நுண்துளிகளாக நீரைத் தெளித்து, அதன்மீது காற்றை வீசச் செய்தனர். நீர் ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொண்டு சென்றது. உடல் இழந்துவிட்ட வியர்வையை வெளியிலிருந்து நாம் ஈடுசெய்கிறோம் என்பதே இதன் பொருள். ஒரு குடம் தண்ணீரும் ஒரு விசிறியும் இருந்தால் இதனை எந்தக் குடிசையிலும் செய்யலாம். வயது முதிர்ந்தோருக்கும் இது ஏற்ற முறை.

ஆகவே செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்வோம். விழுந்தவரை உடனே நிழலுக்குக் கொண்டுசெல்க. ஆம்புலன்ஸுக்கு ஒருவர் செய்தி அனுப்பட்டும். நம் நாட்டின் பெரும்பான்மையான மாநிலங்களில் அதற்கான எண் 108. வண்டி வரும்வரை காத்திராமல் மற்றவர்கள் உடைகளைத் தளர்த்தி, தலை முதல் கால் வரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். தொட்டி கிடைத்தால், முகம் நீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் தாங்கிக்கொள்ள, கழுத்து வரையில் அமிழ்த்தலாம். கிடைக்காவிடில் உடலை நனைத்து நனைத்து விசிறுக. பனிக்கட்டி இருந்தால் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். அறிவு தெளிந்தபின், அல்லது வெப்பமானி 39 டிகிரிக்குக் கீழே இறங்கியபின், நிறுத்திவிடலாம். அதற்கு மேலும் குளிர்விப்பது வேண்டா. முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்பதே முறை.

செய்யக் கூடாதவையும் சில உள. மயங்கியவர் வாயில் தண்ணீர் புகட்டலாகாது. அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாகாது. அம்மாத்திரை மூளையின் அளவுகோலை இறக்கவல்லதேயன்றி, வெப்பத் தாக்கில் அதற்கு வேலையில்லை. நைந்த கல்லீரலுக்குத் தீங்கே செய்யும். போர்வை போர்த்தலாகாது. ஈரத் துணியை இறுகச் சுற்றி அப்படியே விட்டுவிடுவதும் பயனற்றது. சிறிது நேரத்தில் துணி சூடேறிப் பிளாக்டனின் எண்ணெய்ப் படலம்போல் ஆகிவிடும்.

வந்தபின் காப்பதிலும் வருமுன் காப்பது சிறந்ததன்றோ? வெப்பத்திற்குப் பழகும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டு. வெயிலில் சிறிது சிறிதாக உழைத்து வந்தால், ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் வியர்வை முந்திச் சுரக்கும், மிகுதியாகச் சுரக்கும், அதில் உப்பின் அளவும் குறையும். இப்பழக்கம் ஏற்படாத முதல் சில நாட்களே ஆபத்தானவை. வேலை தேடி வெளியூரிலிருந்து வந்து இறங்கிய கூலியாளை, வந்த அன்றே நண்பகல் வெயிலில் முழுநாள் வேலைக்கு ஏவுதல் தகாது. முதல் வாரத்தில் பாதி வேலை, இடையிடையே நிழல், கேட்காமலே தண்ணீர் என்ற மூன்றையும் வேலை வாங்குவோர் தம் கடமையாகக் கொள்ளவேண்டும்.

இதனால் விளையும் பயனை ஒரு நகரம் நமக்குக் காட்டியுள்ளது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டிற்று. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் மிகுதியாக இறந்தனர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அத்துயரிலிருந்து பாடம் கற்ற நகராட்சி 2013இல் வெப்பத்தை எதிர்கொள்ளும் திட்டம் ஒன்றை வகுத்தது. வெப்பம் ஏறப்போவதை முன்கூட்டியே மக்களுக்கு அறிவித்தல், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி தருதல், குடிநீர் வழங்குதல் ஆகியவை அதன் உறுப்புகள். நாட்டின் பல நகரங்களும் அதனைப் பின்பற்றி வருகின்றன.

நீர்ச் சிகிச்சையைப் போற்றிய பெரியோர்கள் தண்ணீருக்கு இல்லாத ஆற்றல்கள் பலவற்றையும் அதன்மேல் ஏற்றிக் கூறினர். அவற்றைக் காலம் உதிர்த்துவிட்டது. உதிராமல் நின்ற உண்மை ஒன்று உண்டு. வெப்பத்தைச் சுமந்து செல்லும் ஆற்றலில் தண்ணீருக்கு இணையான பொருள் நம் கைக்கெட்டிய தூரத்தில் வேறொன்றும் இல்லை. அடுத்த கோடையில் சாலையோரத்தில் ஒருவர் தள்ளாடி விழக் கண்டால், ஜன்னியை நினைத்து அஞ்சாமல் குடத்தைக் கையில் எடுப்போமாக. மருத்துவர் வருமுன் நாம் ஊற்றும் அத்தண்ணீரே அவர் உயிருக்கு முதல் மருந்தாகும்.